சாவி யார்கிட்ட இருக்கு?

எங்கள் கம்பெனி கான்டீனில் செவ்வாய்க்கிழமைதோறும் பூரி. புதன்கிழமைதோறும் நெஞ்செரிச்சல்.

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனி. நான் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன். சாப்பிடும்போது எனக்கு எதிர் நாற்காலி எப்போதும் ஓர் ஒடிசாக்காரருக்கு. குவாலிட்டி செக்‌ஷனில் இருக்கிறார். சொந்த ஊர் பூரி. ஜெகந்நாதர் கோயில் இருக்கிற அதே பூரிதான். அவர் தட்டில் பூரி விழும்போதெல்லாம், “பூரிக்காரர் பூரி சாப்பிடறாருடோய்!” என்று நாங்கள் சிரிப்போம். எட்டு வருஷமாக ஒரே ஜோக். எட்டு வருஷமாக அவரும் கூடவே சிரித்து வைக்கிறார். எவ்வளவு பெரிய பொறுமைசாலி என்று இப்போதுதான் புரிகிறது.

2024, மே 21. அன்றைக்கும் பூரி. நாங்கள் ஜோக்கை ஆரம்பிப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“ஸார், எங்க சாவி எங்கே?”

“எந்தச் சாவி?”

“ஜெகந்நாதர் சாவி. தமிழ்நாட்டுக்கு வந்துடுச்சாம். உங்க பாக்கெட்ல கொஞ்சம் பாருங்க.”

செல்போனை நீட்டினார். முதல் நாள் ஒடிசாவில் பிரதமர் பேசிய பிரசாரம். பூரி கோயிலின் பொக்கிஷ அறைக்கு ‘ரத்ன பண்டார்’ என்று பெயர். அதன் உள் அறைச் சாவியைக் காணோம் என்ற விவகாரம் 2018-லேயே வெடித்தது. அந்தச் சாவி தமிழ்நாட்டுக்குப் போய்விட்டதாக மக்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று மேடையில் சொல்லியிருந்தார்.

தமிழ்நாடு எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? வி.கே. பாண்டியன் மூலமாக வந்தது. தமிழ்நாட்டில் பிறந்தவர். ஒடிசாவில் ஐ.ஏ.எஸ். அதிகாரி. முதல்வர் நவீன் பட்நாயக்குக்கு வலது கை. 2023-ல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பிஜு ஜனதா தளத்தில் சேர்ந்தார். 2024 தேர்தலில் பி.ஜே.பி. அங்கே கையில் எடுத்த ஆயுதம் ‘ஒடியா அஸ்மிதா’. ஒடியாக்காரனின் தன்மானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒடிசா மண்ணில் பிறந்தவர், ஒடியா பேசுகிறவர்தான் முதல்வர் ஆவார் என்று மேடைக்கு மேடை முழக்கம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அதெப்படி ஸார், ஒரு ஆள் மேல் கோபம் என்றால் ஒரு மாநிலத்தையே சாவி திருடன் ஆக்கலாமா? அன்றைக்கே நம் முதல்வர் ஸ்டாலின் கண்டன அறிக்கை விட்டார். பேசியது ஒரு தனி மனிதரைப் பற்றித்தான், தமிழர்களைப் பற்றி இல்லை என்றது பி.ஜே.பி. தரப்பு.

அந்த மாசமே ஏற்கெனவே ஒரு சூடு வாங்கியிருந்தோம். காங்கிரஸின் வெளிநாட்டுப் பிரிவுத் தலைவர் சாம் பிட்ரோடா, இந்தியாவின் பன்முகத்தைப் பாராட்டுகிறேன் பேர்வழி என்று, கிழக்கே இருப்பவர்கள் சீனர் மாதிரி, தெற்கே இருப்பவர்கள் ஆப்பிரிக்கர் மாதிரி என்று அடுக்கிவிட்டார். ‘தோல் நிறத்தை வைத்து என் நாட்டு மக்களை அவமானப்படுத்துவதா!’ என்கிற பாணியில் பிரதமர் பொங்கினார். மே 8-ம் தேதி பிட்ரோடா பதவியை ராஜினாமா செய்தார். பன்னிரண்டே நாளில் சாவி விவகாரம். இனவாதம் என்று ஒருவர் மீது ஒருவர் விரல் நீட்டியது என்னவோ நிஜம். விரல் மட்டும் அவரவர் வசதிக்குத் திரும்பியது.

இதையெல்லாம் கான்டீனில் நான் பொரிந்து தள்ளினேன். மேஜையைத் தட்டினேன். கிழங்கு மசாலா பக்கத்து ஆள் சட்டையில் தெறித்தது. பூரிக்காரர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“கோவப்படாதீங்க ஸார். பாண்டியன் மேல எங்க ஊர்ல நெஜமாவே ஒரு கேள்வி இருந்துச்சு. ஓட்டு வாங்காத ஆபீசர் எதுக்கு இவ்ளோ அதிகாரம் பண்ணணும்னு. நல்ல கேள்விதானே? அதை விட்டுட்டு, எந்த ஊர்க்காரன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. அதுதான் ஈஸி.”

தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார்: “ஸார், நான் இந்தக் கம்பெனில எட்டு வருஷம். என் பேர் உங்களுக்குத் தெரியுமா?”

தெரியும். அட்டென்டன்ஸில் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. எதிரே இருந்தால் ‘பூரிக்காரர்’. தூரத்தில் இருந்தால் ‘அந்த வடக்கன்’. பூரி வடக்கில்கூட இல்லை, கிழக்கில் இருக்கிறது!

“நீங்க யாரையும் வெளியூர்க்காரன்னு சொன்னதே இல்லையா?”

பூரி தொண்டையில் நின்றுவிட்டது.

*

சொல்லியிருக்கிறேன் ஸார். சொன்னது மட்டுமில்லை. அச்சடித்து விநியோகம் பண்ணியிருக்கிறேன்.

என் ஊர் உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு கிராமம். பேர் வேண்டாம். ஏற்கெனவே ஊருக்குள் எனக்கு மரியாதை குறைச்சல். 2021 அக்டோபரில் காஞ்சிபுரம் உள்பட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஞாபகம் இருக்கும். எங்கள் ஊராட்சித் தலைவர் பதவிக்கு என் சித்தப்பா நின்றார். சின்னம் பூட்டு சாவி.

உங்களுக்கும் இப்படி ஒரு சித்தப்பா இருப்பார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் நான்கு பேனா. எழுதுவது என்னவோ கையெழுத்து மட்டும். ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாக பைக்கை எடுப்பார். செங்கல்பட்டு ஜி.எச்.சில் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். நல்ல மனுஷர். ஆனால் பணத்துக்குக் கணக்கு எழுதுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

அவரை எதிர்த்து நின்றவர் கிணத்து வீட்டு அண்ணன். அவருடைய அப்பா 1960-களில் கிணறு வெட்டும் வேலைக்கு எங்கள் ஊருக்கு வந்தவர். குடும்பத்தோடு வந்தார். வெட்டிய கிணற்றுக்குப் பக்கத்திலேயே குடிசை போட்டார். அப்படியே தங்கிவிட்டார். வீட்டுக்குள் பேசுவது தெலுங்கு. வாசலைத் தாண்டினால் எங்களைவிட நன்றாகக் காஞ்சிபுரத்துத் தமிழ். ‘இன்னாபா, சாப்ட்டியா?’ என்று அவர் கேட்டால் அதில் தெலுங்கு வாசனைகூட இருக்காது.

அந்தக் கிணற்றில்தான் நான் நீச்சல் கற்றுக்கொண்டேன். ஏழு வயசு. என் இடுப்பில் கயிறு கட்டி, மேலே நின்று பிடித்துக்கொண்டவர் அந்த அண்ணன்தான். ‘நான் உட மாட்டேன், நீ உழு’ என்பார். விழுவேன். விட மாட்டார்.

தேர்தலில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. 2018, 2019 இரண்டு வருஷமும் ஆடித் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வசூல் பண்ணினார்களே, அந்தக் கணக்கு எங்கே? திருவிழாக் கமிட்டிப் பொருளாளர் யார்? சித்தப்பா. 

சித்தப்பா ஒரு மஞ்சள் பையை என்னிடம் கொடுத்தார். உள்ளே பீடிக் கட்டு லேபிளிலும் கல்யாணப் பத்திரிகைக் கவரிலும் எழுதிய சீட்டுகள். “டேய், நீதான் பெரிய கம்பெனி அக்கவுண்டன்ட் ஆச்சே. ராத்திரிக்குள்ள ஒரு கணக்கு ரெடி பண்ணு.”

பண்ணினேன். மூன்று தடவை கூட்டினேன். 38,400 ரூபாய் இடித்தது.

சித்தப்பா திருடர் இல்லை. போர் மோட்டார் ரிப்பேர், யாருக்கோ ஆஸ்பத்திரி, யாருக்கோ சாவுச் செலவு என்று கையில் இருந்ததை எடுத்துக் கொடுத்திருப்பார். சீட்டு இருக்காது. கேட்டால் ‘தர்மத்துக்கு எல்லாம் ரசீதா?’ என்பார். ஆனால் அதைப் போர்டில் எப்படி எழுதுவது?

அப்போதுதான் ஸார், என் மூளையில் அந்தப் பிசாசு புகுந்தது. “சித்தப்பா, கணக்கை விடுங்க. கேக்கறது யாருன்னு திருப்பிக் கேப்போம்.”

நோட்டீஸ் நானே எழுதினேன். உத்திரமேரூரில் ஆயிரம் காப்பி. மனப்பாடமாக இன்னும் இருக்கிறது, என்ன செய்ய?

‘நம் பாட்டன் முப்பாட்டன் வாழ்ந்த மண்! மண்ணின் மைந்தனுக்கா உங்கள் ஓட்டு? பிழைக்க வந்தவருக்கா? வீட்டுக்குள் ஒரு பாஷை, வீதியில் ஒரு பாஷை பேசுபவருக்கு நம் ஊரின் வலி தெரியுமா? சிந்திப்பீர்! வாக்களிப்பீர் பூட்டு சாவி!’

மூன்று ஆச்சரியக்குறிகளை அதிகப்படியாகப் போட்டிருந்தேன். சித்தப்பா படித்துவிட்டுக் கட்டிக்கொண்டார். “வேலூர்க்காரன்கூட இப்படி எழுத மாட்டான்டா!” ஏன் வேலூர் என்று தெரியவில்லை.

மாயம் மாதிரி வேலை செய்தது. ஒரே நாளில் கணக்குப் பேச்சு காணாமல் போனது. டீக்கடையில் எல்லோரும் யார் எந்த வருஷம் ஊருக்கு வந்தார்கள் என்று ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார்கள். அந்த ஆராய்ச்சியில் டீக்கடைக்காரரே செய்யாற்றிலிருந்து வந்தவர் என்று தெரிந்து, அன்றைக்குப் பலபேர் கடன் சொல்லிவிட்டுப் போனது தனிக் கதை.

ரோஸ் கலர் ஓட்டுச் சீட்டு எண்ணி முடித்தபோது சித்தப்பா 19 ஓட்டில் ஜெயித்தார்.

மாலை, பட்டாசு, மேளம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிணத்து வீட்டு அண்ணன் வந்தார். சித்தப்பாவுக்குத் துண்டு போர்த்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நோட்டீஸ் நீ எழுதினதாமே தம்பி? தமிழ் நல்லா இருந்துச்சு. எனக்குத் தெலுங்கு பேசத்தான் வரும், ஒரு எழுத்துகூடப் படிக்க வராது. படிக்கத் தெரிஞ்சது தமிழ் மட்டும்தான். அதனால முழுசாப் படிச்சேன்.”

அவ்வளவுதான். போய்விட்டார். கயிற்றை அவர் விடவில்லை ஸார். நான்தான் அறுத்தேன்.

*

கான்டீன் சம்பவத்தன்று சாயங்காலம் வாலாஜாபாத்தில் இறங்கவில்லை. 2022-ல் கல்யாணம் ஆனதிலிருந்து அங்கேதான் வாடகைக்குக் குடியிருக்கிறேன். அப்படியே பஸ் மாறி உத்திரமேரூர் வந்தேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டின் முன்னால் போய் நின்றேன்.

ஸ்கூலில் படித்திருப்பீர்கள். குடவோலை முறை. முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. ஊரை முப்பது குடும்பாகப் பிரித்தார்கள். குடும்பு என்றால் இன்றைய வார்டு. தகுதியானவர்கள் பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று கமிட்டிகள். பதவிக்காலம் 360 நாள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே உத்திரமேரூரைப் பற்றிப் பேசினார். அன்றைக்கு நாங்கள் யாரும் தரையில் நடக்கவில்லை. ஸ்டேட்டஸ் என்ன, ஃபார்வர்டு என்ன!

ஆனால் அந்தச் சுவரில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நாம் சேர்த்துப் படிப்பதே இல்லை.

முதல் கேள்வி, நீ யார்? கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் இருக்கா? சொந்த மனையில் வீடு இருக்கா? வேதம் படித்திருக்கிறாயா? அது பிராமணர்களுக்குத் தானமாக விட்ட சதுர்வேதிமங்கலம். ஆகவே உழுதவர், நெய்தவர், கிணறு வெட்டியவர், பெண்கள் என்று யாருடைய ஓலையும் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. மார் தட்டும்போது இந்த வரியைச் சௌகரியமாகத் தாண்டிவிடுகிறோம்.

இரண்டாவது கேள்வி, கணக்கு எங்கே? வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் ஓலை குடத்தில் விழக்கூடாது. அவன் மட்டுமா? அப்பா, பிள்ளை, மாமனார், மருமகன், மச்சான் என்று ஒரு கல்யாணப் பத்திரிகை அளவுக்குச் சொந்தக்காரர்களையும் சேர்த்து விலக்கி வைத்திருக்கிறார்கள். நோட்டீஸ் எழுதித் தந்த அண்ணன் மகனையும் ஒரு வரி சேர்த்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

ஆயிரத்து நூறு வருஷத்தில் நாம் என்ன செய்தோம்? தூக்கிப் போட வேண்டிய முதல் கேள்வியைக் கட்டிக்கொண்டோம். கட்டிக்கொள்ள வேண்டிய இரண்டாவது கேள்வியைச் சுவரிலேயே விட்டுவிட்டோம். 

அதுவும் எப்போது முதல் கேள்வியைக் கேட்கிறோம் என்று பாருங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாதபோது!

*

இதில் எந்தக் கட்சிக்கும் விலக்கில்லை. கண்டியில், நாவலப்பிட்டியில் பிறந்தவர் எம்.ஜி.ஆர். அவரை ‘மலையாளி’ என்று மேடை போட்டுத் திட்டித் தீர்த்தார்கள். ஜனங்கள் 1977-லிருந்து அவர் சாகும்வரை விடாமல் ஜெயிக்க வைத்தார்கள். மைசூர்ப் பக்கம் பிறந்த ஜெயலலிதாவைக் ‘கர்நாடகம்’ என்றார்கள். ரஜினி அரசியல் என்று வாயைத் திறந்ததும் அவர் பூர்வீகத்தைத் தோண்டினார்கள். எம்.ஜி.ஆர். ஆட்சியையோ ஜெயலலிதா ஆட்சியையோ விமர்சிக்க விஷயமா இல்லை? வண்டி வண்டியாக இருந்தது. ஆனால் அதற்கு ஃபைல் படிக்க வேண்டும். பிறந்த ஊரைச் சொல்ல நாக்கு போதும்.

எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தலுக்கு இதைப் பற்றிச் சட்டமே இருக்கிறது. 1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 123(3). மதம், இனம், ஜாதி, சமூகம், மொழி... இவற்றின் பேரால் ஓட்டுக் கேட்டால் முறைகேடு, ஜெயித்தாலும் செல்லாமல் போகலாம். வேட்பாளருடைய அடையாளம் மட்டுமில்லை, வாக்காளருடைய அடையாளத்தைச் சொல்லிக் கேட்டாலும் தப்புத்தான் என்று 2017 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஏழு நீதிபதிகள். நான்கு பேர் அந்தப் பக்கம், மூன்று பேர் இந்தப் பக்கம்.

அந்த மூன்று பேர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. ஜாதியால், மொழியால் நசுக்கப்பட்டவன் தன் வலியைத் தேர்தலில் பேசாமல் வேறு எங்கே பேசுவான்?

நியாயம்தானே? மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியையும் கீரிப்பட்டியையும் நினைத்துப் பாருங்கள். தலைவர் பதவி தலித்துகளுக்கு என்று 1996-ல் ஒதுக்கியதும், பத்து வருஷம் ஒழுங்காகத் தேர்தலே நடக்க விடவில்லை. 2006-ல்தான் ஒரு வழியாக நடந்தது. மேலவளவில் தலைவராக ஜெயித்து வந்த முருகேசனை, 1997 ஜூனில் பஸ்ஸை மறித்து, கூட இருந்தவர்களோடு வெட்டிக் கொன்றார்கள். அங்கே ‘எங்களை ஏன் ஒதுக்கினாய்?’ என்று ஒருவன் ஜாதியைச் சொல்லிக் கேட்டால் அது இனவாதம் இல்லை. சாத்தின கதவைத் தட்டுவது. நான் நோட்டீஸில் செய்தது கதவைச் சாத்துவது. இரண்டுக்கும் ‘அடையாள அரசியல்’ என்று ஒரே பேர் வைத்துவிட்டு, தட்டுகிறவனையும் சாத்துகிறவனையும் ஒரே தராசில் நிறுத்துகிறோம்.

வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்து ஒரே வழிதான். இந்தப் பேச்சால் ஒரு கேள்வி பிறக்கிறதா, ஒரு கேள்வி சாகிறதா? அதைப் பார்த்தால் போதும்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிணத்து வீட்டுக்குப் போனேன். அண்ணன் மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கிரீஸ். பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஒத்திகை பார்த்த வசனம் எதுவும் வாயில் வரவில்லை.

“அண்ணே, அந்த நோட்டீஸ்...”

“அந்த ஸ்பேனரை எடு.”

எடுத்துக் கொடுத்தேன். நெட்டை முறுக்கியபடியே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: “அந்தக் கணக்கு இன்னா ஆச்சு?”

மன்னிப்பைப் பற்றி அவர் பேசவே இல்லை. மூன்று வருஷம் கழித்தும் அதே கேள்வி! மனுஷனுக்கு வலித்தது இருக்கட்டும். அவர் கேட்ட கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை என்பதுதான் அவருக்கு மிச்சம் இருந்தது.

அன்றைக்கே சித்தியிடம் மஞ்சள் பையைக் கேட்டு வாங்கினேன். பரண்மேல் எலிக்குத் துணையாக இருந்தது. திரும்ப எழுதினேன். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, ரசீது இல்லாதது ரூபாய் 38,400. ஆடி மாசம் கூழ் வார்ப்புக்கு ஊர்க்கூட்டம் போட்டார்கள். கோயில் சுவரில் நானே ஒட்டினேன். கை நடுங்கியதில் பேப்பர் கோணலாகிவிட்டது.

சித்தப்பா சட்டையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். முகம் சிவந்தது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். 38,400-ஐப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“ஏம்பா, இவன் யாரு? ரெண்டு வருஷமா வாலாஜாபாத்துல குடியிருக்கறான். ரேஷன் கார்டையும் அங்கேயே மாத்திக்கினான். வெளியூர்க்காரன் வந்து நம்ம ஊர்க் கணக்கைக் கேக்கறதா?”

அடப்பாவி சித்தப்பா! என் நோட்டீஸை எனக்கே படித்துக் காட்டுகிறாரே!

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிறந்த ஊர், நடந்த தெரு. ஒரு வார்த்தையில் வாசலுக்கு வெளியே நிற்கிறேன். இதைத்தானே அன்றைக்கு அந்த மனுஷர் முழுசாகப் படித்தார்?

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“அவன் எங்க கிணத்துல நீச்சல் கத்துக்கினவன்பா. கவுறு நான்தான் புடிச்சேன். நம்ம ஊர்ப் பையன்தான்.” கிணத்து வீட்டு அண்ணன் எழுந்து நின்றிருந்தார். “அது போகட்டும். யாரு கேட்டா இன்னா? கணக்கைச் சொல்லுங்க.”

கூட்டம் சித்தப்பா பக்கம் திரும்பியது.

சித்தப்பா ரொம்ப நேரம் தரையைப் பார்த்தார். பிறகு மோட்டார் ரிப்பேருக்கு இவ்வளவு, இன்னாருக்கு ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு என்று வாயாலேயே சொல்ல ஆரம்பித்தார். ‘ஆமா, எங்கம்மாவுக்குத்தான் குடுத்தாரு’ என்று இரண்டு பேர் சாட்சி சொன்னார்கள். 26,000 ரூபாய்க்குக் கணக்கு வந்தது. மிச்சத்தை அடுத்த அறுவடையில் கட்டுவதாக ஒப்புக்கொண்டார். அதைத்தான் ஸார் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. 2021-லேயே நான் அந்த நோட்டீஸை எழுதாமல் இருந்திருந்தால், அவரே இதைச் சொல்லியிருப்பார். ஊரும் ஏற்றுக்கொண்டிருக்கும்.

இப்போது சித்தப்பா என்னோடு பேசுவதில்லை. சித்தி மட்டும் திருட்டுத்தனமாக வடகம் கொடுத்து அனுப்புகிறாள்.

ஒடிசாவில் நடந்தது உங்களுக்குத் தெரியும். 147 சீட்டில் 78 பிடித்து பி.ஜே.பி. ஆட்சிக்கு வந்தது. பாண்டியன் அரசியலே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார். ஜூலை 14-ம் தேதி ரத்ன பண்டாரின் உள் அறையைத் திறக்கப் போனார்கள். கையில் இருந்த சாவி எதுவும் சேரவில்லை. கடைசியில் பூட்டுகளை உடைத்துத்தான் உள்ளே போனார்கள்.

ஊர்க்கூட்டம் முடிந்த செவ்வாய்க்கிழமை, கான்டீனில் பூரி. எதிர் நாற்காலிக்காரர் வந்து உட்கார்ந்தார். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தார். ஊரில் நடந்ததை எல்லாம் சொன்னேன்.

“அப்போ உங்க ஊர்லயும் சாவி கிடைக்கலையா?” என்றார்.

“இல்லை. பூட்டை உடைக்க வேண்டியதாப் போச்சு.”

சிரித்தார். அவர் தட்டில் இருந்த ஒரு பூரியை எடுத்து என் தட்டில் வைத்தார்.

மறுநாள் எனக்கு நெஞ்செரிச்சல் இல்லை.